யன்னலோரத்துப் போத்தல்

எங்கள் மாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையிலிருந்து வரும் எந்தச் சாமானையும் அது வந்த பையிலோ பெட்டியிலோ இருக்க விடமாட்டார். சீனி, கொத்தமல்லி, ஏலம், கறுவா எல்லாம் கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல்களுக்குள் போய்விடும். குசினி யன்னல் விளிம்பில் அந்தப் போத்தல்கள் அணிவகுத்து நிற்கும். காலை வெயில் அந்த யன்னலால் நேரே உள்ளே விழும். பார்ப்பதற்கு அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஒரு நாள் சின்னவன் முற்றத்தில் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தான். மாமி அவசரமாக யன்னலோரத்திலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். காயம் கழுவும் ஐதரசன் பேரொட்சைட்டு அதற்குள் இருந்தது. மூடியைத் திருகியபோது 'புஸ்' என்று சோடாப் போத்தல் திறப்பதுபோல ஒரு சத்தம். பஞ்சில் நனைத்துக் காயத்தில் வைத்தார். வழக்கமாக வெள்ளையாகப் பொங்கி நுரைக்கும் மருந்து அன்று சும்மா கிடந்தது.

"இது நொரைக்குதில்லயே மகள். கடக்காரன் தண்ணிய ஊத்தித் தந்துட்டானோ?" என்றார் மாமி.

பாவம், கடைக்காரர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் கொடுத்தது கபில நிறப் போத்தலில். அந்த நிறம் அழுக்காகத் தெரிகிறது என்று மாமி அதை எறிந்துவிட்டு, மருந்தைப் பளிச்சென்ற கண்ணாடிக்கு மாற்றிவிட்டார். மூன்று மாதமாக அது வெயிலில் நின்றிருக்கிறது. போத்தலுக்குள் கடைசியில் மிஞ்சியிருந்தது பெரும்பாலும் தண்ணீர்தான். வித்தவர் தண்ணீரை ஊற்றவில்லை. வெயில் மருந்தைத் தண்ணீராக்கிவிட்டது. (இந்தக் காலத்தில் வைத்தியர்கள் சின்னக் காயத்துக்கு இந்த மருந்தை அவ்வளவாக விரும்புவதுமில்லை. சுத்தமான நீரும் சவர்க்காரமும் போதும் என்கிறார்கள். அது வேறு கதை.)

அன்று எங்கள் மூத்தவள்தான் இன்னொன்றைக் கவனித்தாள். அவள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு படிக்கிறாள். அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில் நின்ற சின்னப் போத்தலைத் தூக்கி, "வாப்பும்மா, இது என்ன?" என்று கேட்டாள். அது மாமியின் பிரஷர் மாத்திரை. உறையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, மாதத்துக்குரிய அத்தனையையும் கண்ணாடிப் போத்தலில் போட்டு, அதே வெயிலில் வைத்திருந்தார். கடந்த இரண்டு கிளினிக்கிலும் பிரஷர் இறங்கவில்லை, அடுத்த முறையும் இப்படியிருந்தால் மருந்தைக் கூட்ட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளிச்சம் பட்டால் ஒரு பொருள் எப்படி உடையும்? வெயிலில் போட்ட சேலை வெளிறும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் தெரிவதும் விளங்குவதும் ஒன்றல்ல. அன்று தொடங்கி மகளின் புத்தகங்களையும் வேறு சிலவற்றையும் புரட்டியதில் எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

தேங்காயும் அகப்பையும்

எந்தப் பொருளும் மூலக்கூறுகளால் ஆனது. மூலக்கூறு என்பது அணுக்கள் சில ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் சின்னக் கூட்டு. அந்தப் பிடிப்புக்குப் பிணைப்பு என்று பெயர். பேரொட்சைட்டு மூலக்கூறில் இரண்டு ஒட்சிசன் அணுக்கள் நடுவில் கைகோத்து நிற்க, இரண்டு பக்கத்திலும் ஒவ்வோர் ஐதரசன் ஒட்டியிருக்கும். நடுவிலுள்ள அந்தக் கைப்பிடிதான் பலவீனம். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் இரண்டு அணுக்களும் பிடித்திருக்கும் பிடியோடு ஒப்பிட்டால் அதில் பாதி பலம்கூட அதற்கு இல்லை.

ஒளி தண்ணீர்போலத் தொடர்ச்சியாக வருவதில்லை, மணிமணியாக வருகிறது. ஒவ்வொரு மணியும் தன்னோடு ஓர் அளவு சக்தியைக் கொண்டுவருகிறது. சிவப்பு ஒளியின் மணி சிறியது, நீல ஒளியின் மணி அதைவிடப் பெரியது, கண்ணுக்குத் தெரியாத கழியூதா ஒளியின் மணி அதிலும் பெரியது. பிணைப்பை உடைக்க வேண்டுமானால் ஒரே மணி போதிய பலத்தோடு வந்து விழ வேண்டும். தேங்காயை அகப்பையால் நூறு தரம் தட்டினாலும் அது அப்படியே இருக்கும். கத்தியின் பின்புறத்தால் சரியான இடத்தில் ஒரே அடி அடித்தால் இரண்டாகிவிடும். அதேபோல் சிவப்பு பல்ப் எத்தனை எரிந்தாலும் நடக்காத காரியத்தைக் கொஞ்சக் கழியூதா செய்து முடித்துவிடுகிறது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. விழும் ஒளியை மூலக்கூறு விழுங்க வேண்டும். விழுங்காமல் ஊடுருவவிட்ட ஒளியால் அதற்கு ஒரு கீறலும் வராது. எந்த மூலக்கூறு எந்த ஒளியை விழுங்கும் என்பது அதனதன் சுபாவம். பேரொட்சைட்டு விழுங்குவது கழியூதாவை. விழுங்கியதும் நடுப்பிடி விட்டுப்போய் இரண்டு துண்டாகிறது. அந்தத் துண்டுகள் சும்மா இருப்பவையல்ல. பக்கத்தில் நிற்கும் மூலக்கூறுகளையும் இழுத்துக் குழப்பி, கடைசியில் தண்ணீரும் ஒட்சிசன் வாயுவுமாக முடிகின்றன. மாமி மூடியைத் திறந்தபோது 'புஸ்' என்றது அந்த ஒட்சிசன்தான். கபில நிறக் கண்ணாடி செய்வது ஒரே வேலை: நீலத்தையும் கழியூதாவையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அழுக்கு நிறம் என்று நாம் நினைப்பது காவல்காரனின் சட்டை.

யன்னல் கண்ணாடியும் பலமான கழியூதாவைக் கொஞ்சம் தடுக்கும். அதனால்தான் மருந்து கெட மாதக்கணக்கானது. வெளியே முற்றத்து வெயிலில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் கெட்டிருக்கும்.

தசூக் நகரத்துப் பையன்

இவ்வளவையும் வாசித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஒளி விழுந்ததற்கும் மூலக்கூறு உடைந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம்? அந்த இடைவேளையில் என்னதான் நடக்கிறது? இதே கேள்விக்குத்தான் எகிப்தியர் ஒருவர் விடை கண்டு 1999 ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார் என்று மகள் சொன்னாள். அவர் அஹ்மத் ஸுவைல். அறிவியலில் நோபல் பெற்ற முதல் எகிப்தியர்.

1946 பெப்ரவரி 26 இல் தமன்ஹூர் நகரில் பிறந்தார். வளர்ந்தது நைல் நதியின் கிளையோரத்தில் உள்ள தசூக் என்ற சின்ன நகரத்தில். மூன்று சகோதரிகளோடு ஒரே ஆண்பிள்ளை. வசதி பெரிதாக இல்லாத குடும்பம். ஆனால் இந்தப் பிள்ளை படித்துப் பெரியவனாக வேண்டும் என்ற ஆசை வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அவர் படிக்கும் அறைக் கதவில் 'டொக்டர் அஹ்மத்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்களாம். அப்போது அவர் வெறும் பாடசாலை மாணவன்!

ஒரு நாள் அந்தப் பையன் உம்மா கோப்பி போடும் எண்ணெய் அடுப்பை எடுத்துக்கொண்டு போய், கண்ணாடிக் குழாய்களைப் பூட்டி, மரத்துண்டைச் சூடாக்கினால் அது எப்படி எரியும் வாயுவாகவும் திரவமாகவும் மாறுகிறது என்று சோதித்துப் பார்த்தார். வீடு எரிந்துபோயிருக்கக்கூடிய காரியம் என்று பிற்காலத்தில் தானே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் குசினிச் சாமான்களைக் காணாமற்போக்கினால் நாம் போடும் சத்தத்தை நினைத்துக்கொண்டேன்.

அலெக்சாந்திரியா பல்கலைக்கழகத்தில் 1967 இல் முதல் வகுப்பில் தேறி, 1969 இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். எகிப்துக்கும் அமெரிக்காவுக்கும் உறவு கசந்திருந்த காலம் அது. 1967 யுத்தம் முடிந்து இரண்டு வருடங்கள்தான். பென்சில்வேனியாவில் 1974 இல் கலாநிதிப் பட்டம், பிறகு பேர்க்லியில் ஆய்வு, 1976 இல் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆசிரியப் பதவி. கதவில் தொங்கிய எழுத்து உண்மையாகிவிட்டது.

அவர் பிடிக்க நினைத்தது மிக மிகச் சின்ன நேரம். கண்ணுக்கு எட்டாத வேகத்தைப் படமாக்கும் ஆசை புதிதல்ல. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழும்புமா என்று ஒரு காலத்தில் பெரிய தர்க்கம் இருந்தது. 1878 இல் கலிபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்ற படப்பிடிப்பாளர் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்து, எழும்புகிறது என்று காட்டினார். பிறகு 1949 அளவில் கேம்பிரிட்ஜில் நொரிஷ், போர்ட்டர் என்ற இருவர், பலமான வெளிச்சத்தை ஒரு கணம் பாய்ச்சி மூலக்கூறுகளை உடைத்து, இன்னொரு வெளிச்சத்தால் துண்டுகளைப் பார்க்கும் முறையைக் கண்டார்கள். அதற்கு அவர்களுக்கும் 1967 இல் நோபல் கிடைத்தது. ஆனால் அவர்கள் கண்டது உடைந்த பிறகு கிடந்த துண்டுகளை. உடையும் அந்த நொடி அவர்களுக்கும் அகப்படவில்லை.

அது நொடிகூட இல்லை. பெம்டோசெக்கன் என்று ஓர் அளவு உண்டு. ஒரு செக்கனைக் கோடியால் பிரித்து, வந்ததை மறுபடியும் பத்துக்கோடியால் பிரித்தால் வருவது. ஒரு செக்கனுக்கு முன்னால் ஒரு பெம்டோசெக்கன் எப்படியென்றால், சுமார் 3 கோடி 20 இலட்சம் வருடங்களுக்கு முன்னால் ஒரு செக்கன் எப்படியோ அப்படி. மூலக்கூறுக்குள் அணுக்கள் அசைவது இந்தக் கணக்கில்தான்.

இதை அளக்கும் மணிக்கூடு உலகத்தில் இல்லை. ஸுவைல் குழுவினர் நேரத்தைத் தூரத்தால் அளந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு லேசர் ஒளித்துடிப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுகிறார்கள். ஒருத்தி ஒழுங்கையால் நேரே போகிறாள், மற்றவள் பள்ளிவாசல் வீதியால் கொஞ்சம் சுற்றிப் போகிறாள் என்று வையுங்கள். இருவரும் ஒரே வேகத்தில் நடந்தால், சுற்றிய தூரத்தைக்கொண்டு மற்றவள் எவ்வளவு பிந்துவாள் என்று சொல்லிவிடலாம். ஒளியின் வேகம் மாறாதது. இரண்டாவது துடிப்பை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றவிட்டால் அது மூன்று பெம்டோசெக்கனுக்குச் சற்றுக் கூடப் பிந்தி வரும். ஒரு முகக்கண்ணாடியை நுணுக்கமாக நகர்த்தினால் போதும்.

முதல் துடிப்பு மூலக்கூறை உடைக்கும். பிந்தி வரும் துடிப்பு அந்த நேரத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும். 1987 இல் ஸுவைல், டன்டஸ், ரொஸ்கர் ஆகியோர் இதற்கு எடுத்துக்கொண்டது அயடீன் சயனைட்டு என்ற மூன்றே அணுக்கள் கொண்ட எளிய மூலக்கூறு. ஒரு பக்கம் அயடீன், மறுபக்கம் கைகோத்த காபனும் நைதரசனும். இரண்டாவது துடிப்பின் நிறத்தை, விடுதலையான காபன்–நைதரசன் சோடி மட்டுமே விழுங்கும்படி அமைத்தார்கள். விழுங்கினால் அது ஒளிரும். துடிப்பு பிந்தப்பிந்த அந்த ஒளிர்வு ஏறிவந்தது. பிறகு நிறத்தைக் கொஞ்சம் மாற்றி, இன்னும் முழுதாகப் பிரியாமல் இழுபறியில் நிற்கும் நிலை மட்டும் விழுங்கும்படி வைத்தார்கள். இப்போது ஒளிர்வு எழும்பி, உடனே விழுந்தது. கைவிட்டும் விடாததுமான அந்த நிலை வந்து போனதை மனிதர்கள் முதன்முறையாகக் கண்டார்கள்.

முழுக் கதையும் சுமார் 200 பெம்டோசெக்கனில் முடிந்துவிட்டது. செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடும் ஒளி, அந்த நேரத்தில் நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பளவு தூரந்தான் போயிருக்கும்.

எல்லா மூலக்கூறும் இப்படிச் சட்டென்று உடைவதில்லை. அடுத்து அவர்கள் பார்த்த சோடியம் அயடைட்டு வேறு சுபாவம். ஒளியை விழுங்கியதும் இரண்டு அணுக்களும் விலகிப் போகும், திரும்பி வரும், மறுபடி விலகும். ஊஞ்சலாடுவதுபோல ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு சிறு பங்கு மூலக்கூறுகள் மட்டும் நிரந்தரமாகப் பிரிந்து போகும். கோபித்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்ப் போய்த் திரும்பிவரும் தம்பதிகளைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

1989 இல் மன்னர் பைஸல் சர்வதேசப் பரிசு, பத்து வருடம் கழித்து நோபல் என்று ஸுவைலைத் தேடிப் பரிசுகள் வந்தன. 2016 ஆகஸ்ட் 2 இல் அமெரிக்காவில் காலமானார். அடக்கம் செய்யப்பட்டது எகிப்தில்.

இது ஆய்வுகூடத்து விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் இந்த வரியை வாசிக்கும்போதே உங்கள் கண்ணின் திரையில் விழும் ஒளியை ஒரு மூலக்கூறு விழுங்குகிறது. அது உடைவதில்லை; வளைந்திருந்தது நிமிர்கிறது. அந்த நிமிர்வில்தான் பார்வை தொடங்குகிறது. அதற்கு எடுக்கும் நேரத்தை 1991 இல் பேர்க்லி ஆய்வாளர்கள் அளந்தபோது வந்த விடையும் 200 பெம்டோசெக்கன்தான்.

தலைக்கு மேலே

இதே உடைப்பு நம் தலைக்கு மேலே பகல் முழுதும் நடக்கிறது. ஒட்சிசன் மூலக்கூறின் பிடி பலமானது என்றேன். அதை உடைக்க 242 நனோமீற்றரை விடக் குறுகிய அலைநீளமுள்ள கழியூதா வேண்டும். அவ்வளவு பலமான ஒளி நிலத்துக்கு வருவதில்லை, ஆனால் உயரத்தில் உண்டு. அங்கே உடைந்த தனி ஒட்சிசன் அணு இன்னொரு ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்து மூன்றணு ஓசோனாகிறது. ஓசோனும் கழியூதாவை விழுங்கி உடைகிறது, மறுபடி சேர்கிறது. உடைந்து உடைந்தே நம்மைக் காக்கும் குடை அது. இதன் கணக்கை 1930 இல் ஆங்கிலேயரான சப்மன் எழுதினார்.

அந்தக் குடையில் ஓட்டை விழுந்ததும் ஒளி உடைத்த ஒரு மூலக்கூறால்தான். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் ஒரு காலத்தில் குளோரோபுளோரோகாபன் என்ற வாயு இருந்தது. நஞ்சில்லை, எரியாது, எதனோடும் சேராது. வீட்டுக்கு இதைவிட நல்ல வாயு இல்லையென்று நினைத்தார்கள். எதனோடும் சேராததால் அது கீழே அழியாமல் மெல்ல மெல்ல மேலே போனது. அங்கே கழியூதா அதிலிருந்த குளோரீனைப் பிய்த்தெடுத்தது. ஒரு குளோரீன் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைத் தின்னும். 1974 இல் இதைச் சொன்னவர்கள் ரோலண்டும் மொலினாவும். வேலை எப்படிப் போகிறது என்று கேட்ட மனைவியிடம், வேலை நன்றாகத்தான் போகிறது, ஆனால் உலகம் முடிந்துவிடும்போல இருக்கிறது என்றாராம் ரோலண்ட்.

மொலினா மெக்சிகோக்காரர். சிறுவயதில் வீட்டில் அதிகம் பாவிக்காத குளியலறை ஒன்றை ஆய்வுகூடமாக்கிக்கொண்டவர். இரசாயனவியல் படித்த உறவுப் பெண் எஸ்தர்தான் அவருக்குப் பக்கத்தில் நின்று பரிசோதனைகளைச் செய்ய உதவியவர்.

அவர்கள் சொன்னதை ஆரம்பத்தில் பலர் ஏற்கவில்லை. 1985 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார்கள். 1987 செப்டெம்பர் 16 இல் மொன்றியல் உடன்படிக்கை. இலங்கை 1989 டிசம்பரில் சேர்ந்தது. ரோலண்டுக்கும் மொலினாவுக்கும் குருட்சனோடு சேர்த்து 1995 இல் நோபல் கிடைத்தது. 2010 தொடக்கத்தோடு வளர்முக நாடுகளும் அந்த வாயுவைக் கைவிட்டன. அந்தாட்டிக்காவின் மேலுள்ள ஓசோன் 2066 அளவில் 1980 இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது 2022 ஆம் ஆண்டு மதிப்பீடு. எங்கள் சின்னவன் அப்போது பேரப்பிள்ளை கண்டிருப்பான், இன்ஷா அல்லாஹ்.

மறுபடியும் குசினி

மாமியின் மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அதை எடுத்துக்கொண்டே அடுத்த கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் பெயரைப் பார்த்தார். நிஃபெடிபின். ஒளிக்கு மிக இலகுவாகக் கெடும் மருந்துகளில் இதுவும் ஒன்று, அதனால்தான் ஒளி புகாத உறையில் தருகிறோம் என்றார். பிரஷர் இறங்காததற்கு இதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. உப்பையும் கேட்டார், நித்திரையையும் கேட்டார். ஆனால் மருந்தைக் கூட்டவில்லை. புதிய மாத்திரை கொடுத்து, உறையிலிருந்து எடுத்த கையோடு விழுங்கும்படி சொன்னார். ஒரு மாதம் கழித்துப் போனபோது பிரஷர் இறங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகள் உங்கள் வீட்டு யன்னலையும் ஒரு தரம் பாருங்கள். உறையில் வந்த மாத்திரை உறையிலேயே இருக்கட்டும், கபிலப் போத்தலில் வந்தது அதிலேயே இருக்கட்டும். பாலும் அப்படித்தான்: கண்ணாடிப் போத்தலில் வெயில்படும் இடத்தில் சில மணி நேரம் நின்றால் அதிலுள்ள விற்றமின் பி2 பெருமளவு உடைந்துவிடும், சுவையும் கெடும். அதோடு, காயமருந்தைத் தண்ணீர்ப் போத்தலிலோ ஜாம் போத்தலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும்.

மாமி இப்போது மருந்துகளை ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார். சீனியும் மல்லியும் மட்டும் யன்னலோரத்தில் நிற்கின்றன. ஸுவைலின் கதையைப் பேத்தி சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். லேசரையும் கேட்டார், நோபலையும் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் விசாரித்தார்.

"அந்த அடுப்பத் திருப்பிக் குடுத்தானா, மகள்?"